உள்ளம் ஒன்றிய உழைப்பு

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

"பணியிடத்தில் ஊக்கம்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். இத்தலைப்பைக் கண்டவுடன் உங்களுள் சிலர் வியந்திருக்கக்கூடும். முதலாளிகளும் மேலாளர்களும் கூடும் அவையில் பேச வேண்டிய பொருளாயிற்றே, நம் கல்விக் கழகத்தின் விழாவில் இதற்கு என்ன இடம் என்று எண்ணியிருக்கக்கூடும். இரண்டு காரணங்களால் இது நமக்கே உரிய பொருள் என்று நான் கருதுகிறேன்.

முதலாவது, தலைமுறை தலைமுறையாக இந்நாட்டில் உழைத்தவர்கள் நாம். அவ்வாறு உழைத்த நம்மையே சோம்பேறிகள் என்றும், ஏவினால் அன்றி எதையும் செய்யாதவர்கள் என்றும் பழி சொன்னார்கள். அப்பழியின் உண்மைத் தன்மையை ஆராய வேண்டியவர்கள் நாமே. இரண்டாவது, இக்கழகத்தின் உதவியால் படித்தவர்கள் பலர் இன்று அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பொறுப்பான பதவிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கீழே பத்துப் பேரோ நூறு பேரோ பணியாற்றுகிறார்கள். நேற்று வரை ஏவப்பட்டவன் இன்று ஏவும் இடத்திற்கு வந்துவிட்டால், அவன் எத்தகைய தலைவனாக இருக்கப் போகிறான்? இந்த வினாவும் நம்முடையதே.

ஊக்கம் என்பது தமிழருக்குப் புதிய செய்தி அன்று. திருவள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து வினையாடல் என்னும் மற்றோர் அதிகாரத்தில், ஒருவனுடைய தகுதியை நன்கு ஆராய்ந்து, தக்க பணியை அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆள்வோருக்கு அறிவுறுத்தினார். ஊக்கம் உழைப்பவன் உள்ளத்தில் பிறக்கிறது. அது பிறப்பதற்குரிய சூழலை அமைத்துத் தருவது வேலை வாங்குபவனின் கடமை. இவ்விரு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். ஆனால் நம் நாட்டில் நெடுங்காலம் முதற்பகுதியை மட்டும் பேசினார்கள். ஊக்கமில்லாதவனைக் குறை கூறினார்கள். அவன் ஊக்கத்தைக் கொன்றது எது என்று கேட்கவில்லை.

சோம்பல் என்னும் பழி

அவ்வாறு கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1936ஆம் ஆண்டு லாகூரில் நடைபெறவிருந்த ஒரு மாநாட்டிற்குத் தலைமையுரை ஆற்ற அவரை அழைத்திருந்தார்கள். உரையின் கருத்துகளைக் கண்டு அஞ்சிய அமைப்பாளர்கள் மாநாட்டையே கைவிட்டார்கள். அண்ணல் அவ்வுரையைத் தம் செலவில் நூலாக வெளியிட்டார். அதுவே "சாதி ஒழிப்பு" என்று நாம் போற்றும் நூல்.

அந்நூலில் சமய வாதங்களையே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொருளாதார வாதமும் உண்டு. தன் விருப்பத்தையும் திறமையையும் கேளாமல், பிறப்பின் பெயரால் ஒருவனை ஒரு தொழிலில் கட்டிப்போடுகிறது சாதி. அத்தொழில் இழிந்தது என்றும் முத்திரை குத்துகிறது. இழிவென்று சொல்லப்பட்ட தொழிலில் கட்டாயமாக நிறுத்தப்பட்டவனுக்கு அதன்மேல் வெறுப்பும், அதிலிருந்து தப்பவேண்டும் என்ற எண்ணமுமே வளரும். அவனுடைய உள்ளமும் அறிவும் ஈடுபடாத தொழிலில் திறன் எங்கிருந்து வரும்? இவ்வாறு வினவி, பொருளாதார அமைப்பு என்ற முறையிலும் சாதி தீங்கானதே என்று அவர் நிறுவினார். இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாகப் போதிக்கப்படும் கருத்தின் வேர் இது. நம்மை நோக்கி வீசப்பட்ட சோம்பல் என்னும் பழிக்கு அன்றே அவர் தந்த விடையும் இது.

அண்ணல் இதனை ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் நூற்புப் பிரிவில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையாகப் பணியாற்றினார்கள். கூடுதல் ஊதியம் தந்த நெசவுப் பிரிவிலோ அவர்களுக்கு இடமில்லை. தறியில் நூல் அறுந்தால் எச்சில் தொட்டு இணைக்கவேண்டும். இவர்கள் தொட்ட நூலைப் பிற சாதித் தொழிலாளர்கள் தொடமாட்டார்கள் என்பதே காரணம். 1928ஆம் ஆண்டு மாபெரும் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, இத்தடையை நீக்குவதையும் கோரிக்கைகளுள் சேர்க்கவேண்டும் என்று அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வலியுறுத்தினார். தயக்கத்துடனேயே அவர்கள் அதனை ஏற்றார்கள்.

அந்த நூற்புத் தொழிலாளியின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். எத்தனை ஆண்டு உழைத்தாலும், எத்துணைத் திறமை பெற்றாலும், அடுத்த கூடத்தின் கதவு தனக்குத் திறவாது என்று அவனுக்குத் தெரியும். அவனிடம் ஊக்கம் குறைந்திருந்தால் அது அவன் குற்றமா, கதவை அடைத்தவர் குற்றமா?

நம் ஊர் ஆலைகள் கற்பித்த பாடம்

அதே 1936ஆம் ஆண்டை நாம் நம் ஊரிலும் நினைவுகூர வேண்டும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இயங்கின. பிற்காலத்தில் சுதேசி ஆலை என்று பெயர் பெற்ற சவானா ஆலை, பாரதி ஆலை என்றான கப்ளே ஆலை, ஏ.எஃப்.டி. என்று நாம் அழைத்த ரோடியர் ஆலை ஆகியன அவை. நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் சேரிகளிலிருந்தும் மக்கள் விடியுமுன் ஆலைச் சங்கொலி கேட்டு நடந்து வந்தார்கள். வேலை நேரமோ நீண்டது, கூலியோ குறைவு, சங்கம் அமைக்கும் உரிமை இல்லை. வ. சுப்பையா அவர்கள் அத்தொழிலாளர்களை ஒன்று திரட்டினார். அவர் தொழிற்சங்கப் பணிக்கு வருமுன்னரே அரிசன சேவா சங்கத்தில் ஈடுபட்டவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

1936 சூலை 30ஆம் நாள், வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிர் நீத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் சூலை 30 அன்று புதுச்சேரித் தொழிலாளர்கள் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

அவ்வேளையில் பிரான்சில் லெயோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பாரிசில் தொழிலாளர்களுக்கு உரிமைகளை வழங்கிய அதே ஆட்சியின் கொடி பறந்த மண்ணில் தொழிலாளர்கள் சுடப்பட்டது பெருங்கண்டனத்தை எழுப்பியது. சவகர்லால் நேரு அவர்களும் இச்சிக்கலில் அக்கறை காட்டினார். அதன் விளைவாக 1937 ஏப்பிரல் 6ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட ஆணை, பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையையும் சங்கம் அமைக்கும் உரிமையையும் வழங்கியது. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் ஆண்ட பகுதியில் வாரத்திற்கு 54 மணி நேரம் என்றிருந்த தொழிற்சாலை வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது 1946ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால்தான். 1942 முதல் 1946 வரை அரசப் பிரதிநிதியின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்து அதற்கு வழி வகுத்தவர் அண்ணல் அம்பேத்கர்.

அந்தப் பன்னிருவரும் எதற்காக நின்றார்கள்? கூலி உயர்வுக்காக என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. தாமும் தம் தோழரும் கூடி ஒரு சங்கமாக நிற்பதை ஆலை நிருவாகம் ஏற்கவேண்டும், தம்மோடு அமர்ந்து பேசவேண்டும் என்று கேட்டார்கள். இயந்திரத்தின் ஓர் உறுப்பாகத் தம்மைக் கருதாமல் மனிதராகக் கருதவேண்டும் என்று கேட்டார்கள். ஊக்கம் பற்றிய ஆராய்ச்சி அனைத்தும் கடைசியில் வந்து சேரும் இடமும் அதுவே.

ஆராய்ந்தோர் கண்ட உண்மைகள்

மேலை நாட்டில் இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வு, அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகில் ஆதார்ன் என்னும் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி பெருகுமா என்று அறியவே அதனைத் தொடங்கினார்கள். ஒளியைக் கூட்டிய கூடத்தில் உற்பத்தி பெருகியது. ஒளியை மாற்றாத கூடத்திலும் பெருகியது! காரணம் அறிய முயன்றவர்கள், ஒரு சிறு பெண் தொழிலாளர் குழுவைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு நேரங்களை மாற்றி மாற்றி அமைத்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே அப்பெண்களிடம் கலந்து பேசினார்கள். உற்பத்தி உயர்ந்துகொண்டே போனது. தம்மைப் பொருட்படுத்திக் கேட்கிறார்கள் என்ற உணர்வே இதற்குக் காரணம் என்று எல்டன் மேயோ முதலிய அறிஞர்கள் விளக்கினார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அக்கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, விளைவு அத்துணைத் தெளிவானதன்று என ஐயம் எழுப்பியதும் உண்டு. ஆயினும், தொழிலாளியிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்ற எண்ணத்தை உலகத் தொழிற்சாலைகளில் விதைத்தது அந்த ஆய்வே.

1959ஆம் ஆண்டு பிரெடரிக் எர்சுபெர்க் என்பவர் தம் குழுவினருடன் ஒரு நூல் வெளியிட்டார். பிட்சுபர்க் வட்டாரத்தில் பொறியாளரும் கணக்கருமாக ஏறத்தாழ இருநூறு பேரிடம், பணியில் எப்போது மகிழ்ந்தீர்கள், எப்போது மனம் நொந்தீர்கள் என்று கேட்டறிந்து எழுதிய நூல் அது. மனம் நோகச் செய்தவை குறைந்த ஊதியம், ஒழுங்கற்ற நிருவாகம், மேற்பார்வையாளரின் கடுமை, மோசமான பணியிடம் ஆகியவை. மகிழ்ச்சி தந்தவையோ வேறு. ஒரு செயலை முடித்த நிறைவு, பிறர் அதனை அறிந்து பாராட்டியது, பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது, முன்னேற வழி கிடைத்தது ஆகியவை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஆனால் உப்பை மட்டும் இலையில் வைத்துவிட்டு விருந்து என்று சொல்ல முடியுமா? நியாயமான ஊதியமும் தூய்மையான பணியிடமும் உப்பைப் போன்றவை. அவை இல்லாத இடத்தில் ஊக்கம் பற்றிப் பேசுவது ஏமாற்று. அவை இருந்துவிட்டால் மட்டும் உள்ளம் ஒன்றிவிடும் என்று எண்ணுவதும் பிழை. 1936இன் போராட்டம் உப்புக்கான போராட்டம். அதில் வென்ற பின்னும் பாதி வழி எஞ்சியிருந்தது.

அந்த மறுபாதியை நம் நாட்டு ஆலை ஒன்றே காட்டியிருக்கிறது. அகமதாபாத்தில் கேலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். புதிய இயந்திரங்கள் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. பழுதான துணி குறையவில்லை. 1953ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து ஏ. கே. ரைசு என்னும் ஆய்வாளர் வந்து பார்த்தார். தறிக்கூடத்து வேலை பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெய்பவர் ஒருவர், நூற்குழல் மாற்றுபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர், கூட்டுபவர் ஒருவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் துண்டை மட்டும் அறிந்திருந்தார்கள். யார் யாருக்குத் தோழர் என்பது எவருக்கும் தெரியவில்லை. முழுத் துணிக்கும் பொறுப்பானவர் எவரும் இல்லை.

ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவின் முழுப் பொறுப்பில் விடலாம் என்று ரைசு யோசனை கூறினார். மேலாளர்கள் திட்டமிட்டு முடிக்குமுன்னரே, தொழிலாளர்கள் தாமே கலந்து பேசி எழுவர் எழுவராகக் குழுக்கள் அமைத்துக்கொண்டார்கள். ஒருவர் வேலையை மற்றவர் கற்றார். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் கைகொடுத்தார். தொடக்கத்தில் சில வாரத் தடுமாற்றத்திற்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. தறிகள் மாறவில்லை, ஆட்களும் மாறவில்லை. பொறுப்பு மட்டும் அவர்கள் கைக்கு வந்தது.

சாதியை உரக்கச் சொன்னபோது

இதுவரை சொன்னவை எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவானவை. நமக்கு மட்டுமே உரிய ஒரு தடையும் உண்டு. அதனை எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வை நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

கார்லா ஆஃப், பிரியங்கா பாண்டே என்னும் பொருளியல் அறிஞர்கள் இருவர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் அதனை நடத்தி, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வெளியிட்டார்கள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள், உயர்சாதியினர் எனப்பட்டோர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர் அதில் பங்கேற்றார்கள். தாளில் வரைந்த புதிர்ப் பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சரியாகக் கண்டவர்களுக்குப் பணம் பரிசு. சாதியைச் சொல்லாமல் தேர்வு நடத்தியபோது, இரு சாராரும் ஒரே அளவு திறமை காட்டினார்கள். வேறுபாடே இல்லை. பின்னர், மாணவரின் பெயர், தந்தை பெயர், ஊர், சாதி ஆகியவற்றை அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசித்துவிட்டுத் தேர்வு நடத்தினார்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்களின் திறன் பெரிதும் சரிந்தது.

நண்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். அறிவு ஒன்றே, புதிரும் பரிசும் ஒன்றே. ஒரு சொல் உரக்க ஒலித்ததும் ஊக்கம் உடைந்தது. எப்படிச் செய்தாலும் நமக்கு நியாயம் கிடைக்காது என்ற ஐயம் அந்தப் பிஞ்சு உள்ளத்தில் பிறந்துவிட்டது. அலுவலகத்தில் ஒருவர், "இவர் சலுகையில் வந்தவர்" என்று பிறர் காதில் விழும்படி முணுமுணுக்கும்போது, அன்று அந்தக் கூடத்தில் நடந்ததைத்தான் மீண்டும் செய்கிறார்.

அம்முணுமுணுப்பு உண்மையா என்பதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது. அசுவினி தேசுபாண்டே, தாமசு வைசுகாஃப் என்னும் அறிஞர்கள், இந்திய இரயில்வேயின் 1980 முதல் 2002 வரையான கணக்குகளைக் கொண்டு, இடஒதுக்கீட்டால் உற்பத்தித் திறன் குறைந்ததா என்று ஆராய்ந்தார்கள். குறைந்தது என்பதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. உயர்பதவிகளில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பங்கு மிகுந்த நிலையில் திறன் கூடியதற்கான அறிகுறிகளே சில கணக்குகளில் தென்பட்டன. யாரேனும் உங்களை இழித்துப் பேசினால், சினத்தால் விடை சொல்ல வேண்டாம்; இந்தச் சான்றைச் சொல்லுங்கள்.

ஒரு பதிவறையின் கதை

என் பணிக்காலத்தில் நான் கண்ணாற் கண்ட ஒன்றைச் சொல்லி மேலே செல்கிறேன். நான் எழுத்தராகச் சேர்ந்த அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டாம். அங்கே நம் சமுதாயத்தைச் சேர்ந்த கடைநிலை ஊழியர் ஒருவர் இருந்தார். பதிவறையில் தூசி தட்டுவதும், கேட்ட கட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. அவரிடமிருந்து எவரும் கட்டைக் கையால் வாங்கமாட்டார்கள். மேசைமேல் வைக்கச் சொல்வார்கள். ஒரு கட்டுக் கேட்டால் அரைநாள் கழித்து வரும். "இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்பதே பிரிவுத் தலைவரின் அன்றாடப் பல்லவி. உண்மையைச் சொன்னால், இளைஞனாகிய எனக்கே அவர்மேல் வருத்தம் இருந்தது. நம் மானத்தை வாங்குகிறாரே என்று எண்ணினேன்.

பின்னர் ஒரு புதிய அதிகாரி வந்தார். முதல் வாரத்திலேயே பதிவறைக்குச் சென்று, அங்கிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "ஐயா, இந்த அறை உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. இதை எப்படி ஒழுங்கு செய்யலாம், சொல்லுங்கள்" என்றார். அவ்வூழியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, ஒவ்வோர் அடுக்காகக் காட்டத் தொடங்கினார். பிரெஞ்சுக் காலத்துக் கட்டுகளை நாடாவின் நிறத்தாலும் முத்திரையின் வடிவத்தாலும் அவர் பிரித்தறிந்து வைத்திருந்தார். பிரெஞ்சு மொழி அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. எந்த ஆண்டுக் கட்டில் நில விவரம், எதில் ஊதியப் பட்டியல் என்று அவர் சொன்னது ஒன்றும் பிழையாகவில்லை.

அடுத்த சில மாதங்களில் பதிவறை புதிய கோலம் கொண்டது. மாலையில் நாங்கள் வீடு திரும்பும்போது அவர் இன்னும் எண் எழுதிய அட்டைகளை ஒட்டிக் கொண்டிருப்பார். அதிகாரி தம் ஆண்டறிக்கையில் அவர் பெயரைக் குறிப்பிட்டார். ஊதியத்தில் ஒரு காசும் கூடவில்லை. கட்டைக் கையால் வாங்கும் வழக்கம் மட்டும் தொடங்கியது. அதனைத் தொடங்கியவரும் அதிகாரியே. என்னைப் பொறுத்தவரை, நான் அன்று வெட்கப்பட்டேன். அத்தனை ஆண்டுகள் அருகிலிருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாதவன் நான்.

பொறுப்பில் இருப்போருக்கு

ஆகவே, பிறரிடம் வேலை வாங்கும் நிலையில் இருக்கும் நம்மவர்க்குச் சில சொற்கள். முதலில் உப்பைக் கவனியுங்கள். ஊதியம் உரிய நாளில் சேருகிறதா, குடிநீரும் கழிப்பறையும் உண்டா, உயிருக்குப் பாதுகாப்பு உண்டா என்று பாருங்கள். பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. கையுறை கொடுக்காமல், ஆண்டுக்கொரு நாள் துப்புரவுப் பணியாளருக்குப் பொன்னாடை போர்த்துவது ஊக்குவிப்பு ஆகாது.

அடுத்து, எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள். நமக்கு வேண்டியவர்க்கு ஒரு நீதி, வேண்டாதவர்க்கு ஒரு நீதி என்ற நிலை ஏற்பட்ட அன்றே, நல்ல உழைப்பாளியின் கை தளர்ந்துவிடும். ஒரு வேலையைச் சொல்லும்போது, அது எதற்காக என்பதையும் சொல்லுங்கள். செய்பவரின் யோசனையைக் கேளுங்கள். பாராட்டைப் பலர் முன்னிலையில் பெயர் சொல்லிக் கூறுங்கள். திருத்தத்தைத் தனியே அழைத்துக் கூறுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கீழ்ப்படியில் நிற்பவர்க்கு மேற்படி தெரியும்படி செய்யுங்கள். பயிற்சியும் பதவி உயர்வும் உரிய காலத்தில் கிடைக்க வழி செய்யுங்கள். பம்பாய் ஆலையின் மூடிய கதவு உங்கள் அலுவலகத்தில் இருக்கக்கூடாது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். தாம் பட்ட அவமதிப்பைத் தமக்குக் கீழிருப்பவர்மேல் இறக்கி வைப்போர் நம்மிலும் இருக்கிறார்கள். அடிபட்ட கை அடிக்கவே பழகிவிடுகிறது. அப்பழக்கத்தை உடைக்காமல் நாம் பெற்ற பதவியால் சமுதாயத்திற்குப் பயன் இல்லை.

பணியில் சேரும் இளைஞருக்கு

தம்பிகளே, தங்கைகளே! உங்களுள் பலர் இதுவரை நான் சொன்ன நல்ல அதிகாரியைச் சந்திக்க நேராமலும் போகலாம். அப்போது என்ன செய்வது? உங்கள் ஊக்கத்தின் சாவியை இகழ்பவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவன் மதிக்கவில்லை என்பதற்காக வேலையை அரைகுறையாகச் செய்தால், அவன் சொன்ன பொய்க்கு நாமே சான்று தேடிக் கொடுத்தவர்கள் ஆவோம். உங்கள் தொழிலைப் பிறரினும் ஒருபடி கூடுதலாகக் கற்றுக் கொள்ளுங்கள். விதிகளைப் படியுங்கள். செய்த வேலைக்குக் குறிப்பு வைத்துக் கொள்ளுங்கள்.

அதே வேளையில், அநீதியைப் பொறுத்துக்கொண்டு வாயடைத்திருப்பதைப் பணிவு என்று தவறாக எண்ணாதீர்கள். சங்கம் இருந்தால் அதில் சேருங்கள். அரசு அலுவலகங்களில் இடஒதுக்கீட்டு விதிகள் ஒழுங்காக நடைபெறுவதைப் பார்க்கத் தொடர்பு அலுவலர் இருக்கிறார், அவரை அணுகுங்கள். தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய ஆணையம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. உழைப்பதற்கு ஒரு கை, உரிமை கேட்பதற்கு ஒரு கை என்று இரு கைகளும் வேண்டும்.

இன்று ஆலைச் சங்கு ஒலிப்பதில்லை. ஏ.எஃப்.டி. ஆலை 2020 ஏப்பிரலில் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டில் மூடப்பட்டன. தந்தையும் மகனும் ஒரே ஆலையில் வேலை பார்த்த காலம் போய்விட்டது. நம் பிள்ளைகள் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு ஆகிய இடங்களின் தொழிற்கூடங்களிலும், கடைகளிலும், மருத்துவமனைகளிலும், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாக, தனித்தனியே நிற்கிறார்கள். நாளை இருப்போமோ என்று அறியாதவனிடம் ஊக்கத்தை எதிர்பார்ப்பது அரிது. ஆகையால் நம் கழகத்திற்கு ஒரு புதிய கடமை காத்திருக்கிறது. தேர்வுக்குப் படிக்க உதவியதோடு நின்றுவிடாமல், வேலையில் சேர்ந்தவர்களும் மாதம் ஒருமுறை கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள, ஒருவர்க்கொருவர் விதிகளையும் தொழிலையும் கற்றுக்கொடுக்க, இங்கே ஒரு கூடம் திறந்திருக்கட்டும். அகமதாபாத் தறிக்கூடத்தில் எழுவர் எழுவராக நின்றது போல், நாமும் ஒருவர்க்கொருவர் தோழராவோம்.

அத்துடன் நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். நம் இரவுப் பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியரையும், இந்த மன்றத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மையாரையும் நாம் எப்படி நடத்துகிறோம்? இவ்விழா மலரின் நன்றியுரைப் பக்கத்தில் அந்த அம்மையாரின் பெயரும் இடம்பெற வேண்டும் என்று மலர்க் குழுவினரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக் கொள்கிறேன். அவ்வாறு அச்சிட்டால், நான் இவ்வளவு நேரம் பேசியதைக் காட்டிலும் அந்த ஒரு வரி கூடுதலாகப் பேசும்.

இருபத்தைந்து ஆண்டு நிறைவுற்ற நம் கழகம் பொன்விழாவும் காண வாழ்த்துகிறேன். வாழ்க அண்ணல் புகழ்! வளர்க கல்விப் பணி!